பூச்சட்டியில் ஒரு மகோகனி மரம்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் வீட்டு வரவேற்பறைக்கு ஒரு மரம் குடிவந்தது. செடி அன்று, மரமேதான். மகோகனி என்று உலகமும், சீமைநூக்கு என்று தமிழ்நாட்டுத் தாவர நூல்களும், துஞ்சுக் லாங்கிட் என்று மலாய்க்காரர்களும் சொல்லும் மரம். நல்ல மண்ணில் நின்றால் நாற்பது மீட்டர் உயரம்கூட எட்டக்கூடிய அது, என் சன்னலோரத்தில் ஒரு பூச்சட்டிக்குள் நெஞ்சளவு உயரத்தில் நிற்கிறது.

அதை வளர்த்தவர் என் அப்பா. ஈப்போவில் அவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், நடைபாதையில் உள்ள சட்டிகளையெல்லாம் மாத இறுதிக்குள் அகற்ற வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். தீப்பிடித்தால் மக்கள் வெளியேற வழி வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணந்தான். ஆனால், அப்பாவின் வீட்டுக்குள் அந்தச் சட்டிக்கு வெளிச்சமுள்ள இடம் இல்லை. என் வீடோ தாமானில் உள்ள வரிசை வீடு. முன்புறம் முழுவதும் சிமெண்டுத் தரை. எனவே மரம் வரவேற்பறைக்கு வந்தது.

விடுமுறை முடிந்து, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மரங்களைப் பற்றிய பாடம் நடந்தபோது இதைச் சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மரத்த ஏன் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? மண்ணுல நடலாமே?" என்று கேட்டாள்.

எளிய கேள்வி. ஆனால், ஒரே வரியில் அதற்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. விடை தேடிப் போனபோது மேற்கிந்தியத் தீவுகள், கல்கத்தா, இலண்டன், கோலகங்சார் என்று எங்கெங்கோ போய்வர வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தின் குறிப்புகளே இந்தக் கட்டுரை.

மகோகனி வந்த வழி

மகோகனி நம் நாட்டு மரம் அன்று. அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிதான் அதன் தாயகம். சிறிய இலை கொண்ட வகை மேற்கிந்தியத் தீவுகளுக்குரியது. பெரிய இலை கொண்ட வகை மெக்சிகோ தொடங்கித் தென்னமெரிக்கா வரையிலான காடுகளுக்குரியது. நம் நாட்டுச் சாலையோரங்களில் நிழலுக்காக நட்டிருப்பது பெரும்பாலும் இந்தப் பெரிய இலை வகைதான்.

1721-ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்கான இறக்குமதி வரியை நீக்கியது. அதன்பின் மகோகனி கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. செல்வர் வீடுகளில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் மகோகனியாயின. சிவந்த நிறம், எளிதில் வளையாத உறுதி, இழைத்தால் கண்ணாடிபோல் மின்னும் பளபளப்பு என்று அம்மரத்துக்கு எல்லாச் சிறப்பும் உண்டு. ஆனால், ஜமைக்காவிலும் இன்று பெலிஸ் என்று அழைக்கப்படும் நாட்டிலும் அந்த மரங்களை வெட்டி ஆற்றுக்கு இழுத்துவந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். மேசையின் பளபளப்பில் அவர்களின் முகம் தெரியவில்லை!

மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துவிடும் அல்லவா? ஆகவே, தங்கள் ஆட்சியில் உள்ள வேறு நாடுகளில் அதை வளர்த்துப் பார்க்க ஆங்கிலேயர்கள் விரும்பினர். 1795-இல் சிறிய இலை மகோகனிக் கன்றுகள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1787-இல் இராபர்ட் கிட் என்பவர் தொடங்கிய பூங்கா அது. பெரிய இலை வகை 1870-களில் அங்கே வந்தது.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. சிறிய இலை வகைக்கு அறிவியல் பெயரிடும் வேலை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவராக இருந்த வான் சுவீட்டனின் நினைவாகச் சுவீட்டினியா என்று பெயர் வைத்தார்கள். பெரிய இலை வகையோ தன் தாயகத்தில் எத்தனையோ காலம் வெட்டப்பட்டும் விற்கப்பட்டும் வந்தபோதும், தனக்கென ஓர் அறிவியல் பெயரில்லாமலே இருந்தது. கல்கத்தா பூங்காவை நிர்வகித்த ஜார்ஜ் கிங், ஹோண்டுராஸ் விதைகளிலிருந்து அங்கே வளர்ந்த மரங்களைப் பார்த்து, இது வேறு வகை என்று கண்டறிந்து 1886-இல் பெயர் சூட்டினார். பிறந்த மண்ணில் கிடைக்காத பெயர், கொண்டுபோய் நட்ட மண்ணில் கிடைத்தது.

மருத்துவரின் கண்ணாடிப் புட்டி

பாய்மரக் கப்பலில் கன்றுகளைக் கொண்டுபோவது அக்காலத்தில் பெரும்பாடு. உப்புக்காற்று இலைகளைக் கருக்கிவிடும். குடிக்கும் தண்ணீரே அளவாகத்தான் இருக்கும். மாலுமிகளுக்கே பற்றாக்குறை என்னும்போது கன்றுகளுக்கு யார் ஊற்றுவார்? ஏற்றிய கன்றுகளில் பெரும்பகுதி வழியிலேயே மடிந்துபோகும்.

இதற்குத் தீர்வு ஒரு மருத்துவரின் வீட்டில் தற்செயலாகக் கிடைத்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த நத்தானியல் வார்டு என்பவர் செடிப் பிரியர். ஆனால், நிலக்கரிப் புகை மண்டிய அந்நகரில் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் பட்டுப்போயின. 1829-வாக்கில் அவர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமான மக்கிய மண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் இட்டு மூடிவைத்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே வளர மறுத்த பெரணி மூடிய புட்டிக்குள் தழைத்தது!

காரணம் எளியது. பகலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் நீராவி கண்ணாடியில் படிந்து, குளிர்ந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்குகிறது. புகையும் உப்பும் உள்ளே நுழைவதில்லை. வெளிச்சம் மட்டும் நுழைகிறது. 1833-இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துச் சிட்னி நகருக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1842-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அதன்பின் அந்தப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்தது. இங்கிலாந்துச் செல்வர் வீடுகளின் வரவேற்பறையில் பெரணி வளர்க்கும் அழகுப் பொருளாயிற்று. இன்று கண்ணாடிக் குடுவைக்குள் சிறுதோட்டம் வளர்க்கிறார்களே, அதன் பாட்டன் இதுதான். மற்றொருபுறம், தேயிலை, கொய்னா, ரப்பர் ஆகிய பயிர்களைக் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோகும் வாகனமாயிற்று. வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஆசையும் உலகெங்கும் தோட்டம் போடும் பேராசையும் ஒரே பெட்டிக்குள் இருந்தன என்பதை அறிந்தபோது நான் சற்று நேரம் என் சன்னலோரத்து மகோகனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோலகங்சாருக்கு வந்த ஒன்பது கன்றுகள்

இனி நம் பேரா மாநிலத்துக்கு வருவோம்.

1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே, கியூ பூங்காவின் வெப்ப மனைகளில் உடனடியாக விதைத்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் விதைகளே முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன.

அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில், பேராவின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. வேலி கட்டி, பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். மாணவர்களை அழைத்துப்போய் நானும் காட்டியிருக்கிறேன்.

மரம் வந்துவிட்டது, ஆனால், அதன் அருமை உடனே தெரியவில்லை. 1888-இல் சிங்கப்பூர் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு, காப்பித் தோட்டக்காரர்களிடம் "இதை நடுங்கள்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வைத்தார்கள். பிறகு மோட்டார் வண்டி வந்தது. காற்றடைத்த சக்கரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தில், பைத்தியக்காரர் தீர்க்கதரிசி ஆனார். பேராவின் காடுகள் கித்தா காடுகளாயின.

இங்கே ஒரு சிறு திருத்தம். பூச்செடிக் கடைகளில் "ரப்பர் செடி" என்று கேட்டால் தடித்த, பளபளக்கும் இலை கொண்ட ஒரு செடியைக் கொடுப்பார்கள். அது பால்மரம் அன்று. அது ஆல், அரசு வகையைச் சேர்ந்தது; அசாம் முதலிய பகுதிகளுக்குரியது; மலாயில் ரம்போங் என்பார்கள். அதிலும் பால் உண்டு. ஒரு காலத்தில் ரப்பருக்காக அதையும் வளர்த்தார்கள். பிரேசில் மரம் வென்றபின் தோற்ற மரம் வரவேற்பறைக்குப் போய்விட்டது.

மரத்துக்குப் பின்னால் வந்தவர்கள்

38 பெட்டிகள், 22 கன்றுகள், கோலகங்சாரில் 9 என்று மரங்களுக்கு எவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறது பாருங்கள்! அந்த மரங்களில் பால்வெட்ட வந்த மனிதர்கள் ஒவ்வொருவரின் கதைக்கும் இப்படி ஒரு பலகை உண்டா?

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையைக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தபோது கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் உற்றார் உறவினரையே திரட்டி வருவார். 1938-இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை இது நடந்தது.

என் தாத்தா முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் சேர்ந்தார். விடியுமுன் பெரட்டு, பிறகு வெட்டு, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கொட்டகை, மாலையில் லயத்து வீடு. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் முருங்கை, கருவேப்பிலை, வாழை, கத்தரி வைத்துக்கொள்ளலாம். ஆனால், அந்த நிலமும் லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும்.

வார்டு பெட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு லயத்து வீடு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால், ஒரு வேறுபாடும் உண்டு. கண்ணாடிப் பெட்டி வழிப்பயணத்துக்கு மட்டுமே. கரை சேர்ந்ததும் கன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மண்ணில் நட்டார்கள். எங்கள் குடும்பமோ கரை சேர்ந்தபின்னும் மூன்று தலைமுறையாக அடுத்தவர் மண்ணிலேயே இருந்தது.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்கள் பல தோட்டங்களை விற்றபோது, அவை துண்டு துண்டாக்கப்பட்டுக் கைமாறின. தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்குவது என்பது திட்டம். அவர் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். கூலிகளாக வந்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். அச்சங்கம் வாங்கிய தோட்டங்கள் இன்றும் உள்ளன.

என் தாத்தாவும் அதில் சேர்ந்தார். அந்தப் பங்குப் புத்தகம் இன்றும் அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஆனால், நாங்கள் குடியிருந்த தோட்டம் சங்கத்தின் கைக்கு வரவில்லை. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. பிறகு, தொண்ணூறுகளில், செம்பனை நின்ற நிலமும் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. எங்களுக்குச் சிறு தொகையும் காலி செய்யச் சொல்லும் கடிதமும் கிடைத்தன. அப்பா ஈப்போவுக்கு வந்தார். மூன்றாம் மாடியில் ஒரு வீடு.

பூச்சட்டிக்குள் வந்த கதை

தோட்டம் போனபின்னும் மாரியம்மன் கோவில் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போவார். துரை பங்களாவுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் மகோகனி மரங்கள் நின்றன. பங்களா இடிக்கப்பட்டுவிட்டது, மரங்கள் மட்டும் நின்றன.

மகோகனிக் காய் தொங்காது. காம்பின் மேல் நிமிர்ந்து நின்று வானத்தைக் காட்டும். துஞ்சுக் லாங்கிட் என்னும் மலாய்ப் பெயரும் வானத்தைச் சுட்டுவது என்றே பொருள்படும். முற்றியதும் காய் அடியிலிருந்து ஐந்து ஓடுகளாக வெடிக்கும். உள்ளிருக்கும் விதைகளுக்கு நீண்ட சிறகு உண்டு. காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். தோட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அதுதான் விமானம். நாங்கள் துரை வீட்டுப் பாதையில் விளையாடினால் காவல்காரர் விரட்டுவார். விதையைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவோம்.

கடைசியாகப் போன ஆண்டில் அப்பா அந்த மரத்தடியில் குனிந்து விதைகளைப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டினார். "எதுக்குப்பா?" என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும்" என்றார். அடுத்த ஆண்டு அங்கே மரமும் இல்லை. கோவிலை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

நாற்பதாண்டுகள் பால்வெட்டிய மனிதர் பால்மரத்து விதையைப் பொறுக்கவில்லை. துரை வீட்டு மரத்தின் விதையைப் பொறுக்கினார். அதன் காரணத்தை நான் நெடுநாள் கழித்தே கேட்டேன். "பால்மரம் வேலை. அது நெழலு" என்றார் அப்பா.

வீட்டுக்குள் மகோகனி வளர்க்கும் முறை

அப்பாவிடம் கற்றதையும் படித்தறிந்ததையும் சேர்த்துத் தருகிறேன். குளிர்நாடுகளில் மகோகனிக் கன்றை வீட்டுக்குள் அழகுச்செடியாக வளர்ப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் அதற்கு வெப்பமும் ஈரமும் தானாகவே கிடைக்கின்றன.

1. விதை புதியதாக இருக்கவேண்டும். சில மாதங்களில் முளைப்புத்திறன் குறைந்துவிடும். சிறகை மெல்லக் கிள்ளிவிட்டு, விரல் நுனியளவு ஆழத்தில் புதைத்தால் போதும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். முதலில் வரும் இலைகள் ஒற்றை இலைகளாக இருக்கும், "இது மகோகனி இல்லையோ?" என்று ஐயப்படாதீர்கள். கூட்டிலைகள் பின்னரே வரும்.

2. சட்டியின் அடியில் துளை வேண்டும். தோட்ட மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

3. வெளிச்சம் தாராளமாக வேண்டும். காலை வெயில் படும் சன்னல் சிறந்தது. இருட்டு மூலையில் வைத்தால் தண்டு மெலிந்து ஒரே பக்கமாகச் சாயும். வாரம் ஒருமுறை சட்டியைச் சற்றுத் திருப்பி வையுங்கள்.

4. மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

5. வறண்ட பருவத்தில் மகோகனி இலையுதிர்க்கும். பட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். சில வாரங்களில் இளஞ்சிவப்பாகத் தளிர்விடும்.

6. உயரத்தைக் கட்டுப்படுத்த நுனியைக் கிள்ளிவிடலாம். பக்கக் கிளைகள் வரும். வெளியில் வைத்தால் நுனித்தண்டைத் துளைக்கும் ஒரு புழு வரும். உலகெங்கும் மகோகனித் தோட்டங்களைக் கெடுக்கும் பூச்சி அதுதான். துளைத்த பகுதிக்குக் கீழே வெட்டி அழித்துவிடுங்கள்.

7. இரண்டாண்டுக்கு ஒருமுறை சட்டியிலிருந்து எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களை அளவாக நறுக்கி, புதிய மண்ணில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வேர் தன்னையே இறுக்கிக்கொள்ளும்.

8. மகோகனி விதை நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து என்று நம் நாட்டில் பலர் விழுங்குகிறார்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்துள்ளன. மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் மகோகனி சட்டியில் பல ஆண்டுகள் வாழும். ஆனால், ஒன்றை மறைக்கக்கூடாது. அது அளவில் சிறுத்து வாழும். ஒருவர் கையை நம்பியே வாழும். மண்ணில் நிற்கும் மரம் நாம் ஊருக்குப் போனாலும் மழையைக் குடித்துக்கொள்ளும். சட்டியில் நிற்பது நாம் மறந்த வாரத்தில் வாடிவிடும். அப்பா இத்தனை ஆண்டுகளில் ஈப்போவைவிட்டு இரண்டு நாளுக்கு மேல் எங்கும் தங்கியதில்லை. காரணம் கேட்டால் முட்டிவலி என்பார்.

அந்த மாணவிக்கு விடை

"மண்ணுல நடலாமே?" என்றுதானே அந்தப் பிள்ளை கேட்டாள்? நடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் பள்ளியின் பின்புறம் நல்ல இடம் இருக்கிறது. தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நட்டுடலாம் சார். ஆனா நாளைக்குப் பள்ளி எடம் மாறினா, மரத்த யாரு தூக்கிட்டுப் போறது?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றன. அப்படிப் பிறந்தவைதான் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். அவற்றுள் கணிசமானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். அதாவது, பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது அன்று. எங்கள் பள்ளியும் அத்தகையதே. தோட்டத்தில் மக்கள் குறையக் குறையப் பள்ளிகள் பட்டணத்துத் தாமான்களுக்கு இடம்பெயர்கின்றன. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத்தானே பள்ளி போகவேண்டும்? அதில் பிழையில்லை. ஆனால், மகோகனி பெருமரமாக நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளுக்கு "இது எங்கள் மண்" என்று உறுதியளிக்க எங்களால் முடியவில்லை. ஆகவேதான் மரம் வீட்டுக்குள் இருக்கிறது, மகளே!

சட்டியை என் காரில் ஏற்றிவந்த அன்று, அப்பா ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. நம் நகரத்துக்கே பெயர் கொடுத்த மரம் அது. அதன் பாலில் நஞ்சு உண்டு. பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடுவார்கள். பிரேசிலிலிருந்தோ மேற்கிந்தியத் தீவிலிருந்தோ வந்ததன்று. இந்த மண்ணிலேயே தோன்றியது. அப்பா வண்டியிலிருந்து இறங்காமல் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்த்தார். "இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?" என்று கேட்டார். "யாரும் ஊத்த வேணாம்பா" என்றேன். தலையாட்டினார்.

வீடு வந்ததும், மரத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன். "மண்ணு கெடச்சா நடு. கெடக்கலன்னா சட்டியப் பெருசாக்கு" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே பெரிய சட்டி ஒன்று வாங்கி வந்தேன். வேரை நறுக்கி மாற்றி வைத்தோம். கத்தியை என்னிடம் தராமல் அவரே பிடித்துக்கொண்டார். நாற்பதாண்டு பால்வெட்டிய கை. வேரில் ஒரு காயம் அதிகமாகப் படவில்லை.

அன்பர்களே, இந்தக் கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பேரா மாநிலத்தில் சொந்தமாக நிலம் வைத்திருப்பவர்கள், விற்கும் எண்ணம் இல்லாதவர்கள், வீட்டுச் சுவரிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி ஒரு மகோகனிக்கு இடம் தர இயலுமானால் எனக்குத் தெரிவியுங்கள். மரத்தை நானே கொண்டுவந்து நட்டுத் தருகிறேன். விலை ஏதும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஈப்போவிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் அந்த இடம் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அப்பா வந்து பார்ப்பார்.